தாழ்ப்பாள் மாட்டுமுன்

நீங்க ஜன்னல் பக்கமே இருந்துக்கோங்க. எனக்கு எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான். மதுரை வரைக்குமா? நானும் மதுரைதான். அங்கேருந்து ரயில்ல சென்னை.

இல்ல, கோயிலுக்கு வரல. திருச்செந்தூர் வரைக்கும் வந்துட்டுக் கோயிலுக்குப் போகலன்னு சொன்னா எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்க்கிறாங்க. உடன்குடியில ஒருத்தனப் பார்க்க வந்தேன். கூட வேலை பார்த்த பையன். பையன்னா, அவனுக்கும் முப்பத்தஞ்சு தாண்டிருச்சு. ஒரு நல்ல சேதி இருந்துச்சு, நேர்ல சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன். திரும்பிப் போயிட்டிருக்கேன்.

என் பேரு இசக்கியம்மாள். வெளிநாட்டுக்காரங்க எழுத்தப் பார்த்து ‘எசாகி’ம்பாங்க. ஜப்பான்காரின்னு நெனச்சு ஒருத்தர் ரொம்ப மரியாதையா மெயில் போட்டிருக்காரு. நானும் திருத்தல. திருத்தி என்ன ஆகப்போகுது.

வேலையா? கம்ப்யூட்டர் வேலைதான். ஆனா நீங்க நெனைக்கிற மாதிரி பேங்குக்கோ கடைக்கோ எழுதுறது இல்ல. நீங்க போன்ல ஒரு போட்டோ எடுக்கிறீங்க. அதை எங்கே வைக்கணும், திரும்பக் கேட்டா எங்கேருந்து எடுத்துக் குடுக்கணும்னு உள்ளுக்குள்ள ஒண்ணு பார்த்துக்கும். ஃபைல் சிஸ்டம்னு பேரு. எல்லாத்துக்கும் அடியில, யாரு கண்ணுலயும் படாம ஓடிட்டிருக்கும். நான் அந்த இடத்துல வேலை பார்க்கிறவ. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே அதுதான். எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இந்த அளவுக்கு விளக்கிச் சொன்னதில்ல. அவர் கேட்டதும் இல்ல. குறையாச் சொல்லல.

எங்க கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் செஞ்சு குடுக்குது. ஸ்கேன் எடுக்கிற மெஷின் இல்ல. எடுத்த படத்தையெல்லாம் சேர்த்து வைக்கிற மெஷின். பீரோ மாதிரி நிக்கும். டாக்டருங்க அவங்கவங்க ரூம்லேருந்தே படத்தத் திறந்து பார்ப்பாங்க, கட்டி எங்க இருக்கு, எவ்வளவு பெருசுன்னு அதுலயே குறிச்சு வைப்பாங்க. அந்த மெஷினுக்குள்ள ஓடுற ஃபைல் சிஸ்டம் நாங்க மட்டும் எழுதினது இல்ல. உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதுறது, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். நாங்களும் எடுத்துக்கிட்டோம். அதுல எங்க பங்குக்குக் கொஞ்சம் திருத்துவோம், திருத்தினத அவங்களுக்கும் அனுப்புவோம்.

இந்தப் பையன் பேரு செல்வின். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாப் போய் மெஷின வைக்கிறது, பழுது பார்க்கிறது, புது வெர்ஷன் ஏத்துறதுன்னு தெற்கு மாவட்டம் பூரா அவன்தான். நானும் இந்தப் பக்கத்து ஆளுங்கிறதால அக்கா அக்கான்னு ஒட்டிக்குவான். சந்தேகம்னா எனக்குத்தான் போன் பண்ணுவான். நல்ல வேலைக்காரன். நான் அப்பவும் அப்படித்தான் சொன்னேன், இப்பவும் அப்படித்தான் சொல்றேன்.

போன வருஷம் கோடையில ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் புது வெர்ஷன் ஏத்தினான். ஏத்தி முடிச்சு, மெஷின ஒருதடவ அணைச்சுப் போட்டான். மெஷின் எழும்பி வந்ததும் காலையிலேருந்து காத்துக்கிட்டிருந்த டாக்டருங்க எல்லாரும் ஒரே சமயத்துல படங்களத் திறந்திருக்காங்க. ஒரு அம்மாவோட படம் கெட்டுப்போச்சு. மேல் பாதி நெஞ்சு தெரியுது, கீழ்ப் பாதி சிமெண்டு பூசின மாதிரி ஒரே சாம்பல். வைத்தியம் தொடங்குறதுக்கு முன்னாடி எடுத்த படம் அது. அதை வெச்சுத்தான் கட்டி சுருங்குதா இல்லையான்னு பார்க்கணும். பிரதி இருக்குமேன்னு கேப்பீங்க. இருந்துச்சு. கெட்டுப்போன படத்தப் பார்த்து அதுவும் தன்ன மாத்திக்கிச்சு. பிரதியோட வேலையே அதுதானே.

அந்த அம்மாவுக்கு மறுபடி எல்லாம் எடுத்தாங்க. வைத்தியம் தள்ளிப்போச்சு. அவங்க வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டாரு. ஆஸ்பத்திரிக்காரங்க செல்வினக் கூட்டிட்டுப் போய் அவர் முன்னாடி நிறுத்தி, இவர்தான்னு காட்டி மன்னிப்புக் கேக்க வெச்சாங்க. எங்க கம்பெனியில ஒரு அறிக்கை எழுதினாங்க. மெஷின் படத்தப் பதிஞ்சுட்டிருக்கும்போதே என்ஜினியர் அவசரப்பட்டு அத அணைச்சுட்டார், மனிதத் தவறு. முடிஞ்சுது.

அவன் எனக்குப் போன் பண்ணினான். “அக்கா, எல்லாம் பதிஞ்சு முடிஞ்சு, மெஷின்ல விளக்கு அணைஞ்சப்புறம்தான் ரீஸ்டார்ட் பண்ணேன். நான் அவசரப்படல”ன்னான். சரி செல்வின், விசாரிப்பாங்கன்னேன். என்கிட்டயும் விசாரிச்சாங்க. எங்க மேலாளர் ரகோத்தமன் சார் கூப்பிட்டு, “இசக்கி, நாம எழுதின புரோகிராம் கோட்ல தப்பு இருக்க வாய்ப்பு இருக்கா?”ன்னு கேட்டாரு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல சார்னேன். அன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்ல. அது உண்மை. அவனே வேலைய விட்டுப் போறதா எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துட்டான்.

அப்புறம் மழைக்காலம் வந்துச்சு. எங்க ஆபீஸ்ல ஒரு ரூம் பூரா மெஷின் நிக்கும், சோதனை பண்றதுக்கு. ஒருநாள் மழையில கரண்ட் போய், மெஷினெல்லாம் தானா அணைஞ்சு தானா எழும்பிச்சு. என்னோட சோதனையும் எழும்பின கையோட ஓடியிருக்கு. வந்து பார்த்தா ஒரு ஃபைல் கெட்டுக் கிடக்கு. மேல் பாதி சரியா இருக்கு, கீழ்ப் பாதி குப்பை. அந்த ரூம்ல ஆளே கிடையாது. யாரும் எதையும் தொடல.

எனக்குச் செல்வின் ஞாபகம் வந்துச்சா? வந்துச்சு. வராம இருக்குமா. ஆனா முதல்ல தப்பக் கண்டுபிடிக்கணும்ல. அதான் என் வேலை.

அந்த மழைக்காலம் பூரா அதே வேலை. கையில பிடிக்கப் போனா அகப்படாது. உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்க நாலு வரி சேர்த்தா, அந்த நாலு வரியால வேகம் குறைஞ்சு தப்பு வராம போயிரும். எடுத்துட்டா மறுபடி வரும். கடைசியில எல்லாத்தையும் தாள்ல எடுத்து வீட்டுச் சாப்பாட்டு மேசையில பரப்பி வெச்சு, வரி வரியாப் படிச்சேன். எம் பொண்ணு அன்னைக்கு எதிர்ல உக்காந்து ரொம்ப நேரம் ஏதோ சொல்லிட்டிருந்தா. என்னன்னு இப்ப ஞாபகம் இல்ல. முக்கியமா இருந்தா மறுபடி சொல்லியிருப்பா. அப்பத்தான் அந்த இடம் கண்ணுல பட்டுச்சு.

சொல்லட்டுமா? சொன்னாப் புரியும், ஒண்ணும் கஷ்டம் இல்ல. இதோ இந்த பஸ் ஸ்டாண்டுல கட்டணக் கழிப்பறை இருக்கு. சிரிக்காதீங்க, நிஜமாவே அதேதான். ஒரு ஆள் உள்ள போனா தாழ்ப்பாள் போட்டுக்குவாரு, அடுத்தவர் வெளிய நிப்பாரு. ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்த மாதிரி ஒரு தாழ்ப்பாள் உண்டு. லாக்னு சொல்லுவோம். ஒரு ஃபைல முதல்தடவ யாராவது கேக்கும்போது, மெஷின் அதுக்குன்னு புதுசா ஒரு ரூமக் கட்டும். கட்டி, கதவு வெச்சு, தாழ்ப்பாள மாட்டி, அப்புறம்தான் ரூம் நம்பர வெளிய எழுதிப் போடணும். எங்க கோட்ல நம்பர முதல்ல எழுதிப் போட்டுட்டு, அப்புறம் தாழ்ப்பாள மாட்டினாங்க.

நடுவுல கண்ணிமைக்கிற நேரம்கூட இல்ல. ஆனா அந்த நேரத்துல ஒருத்தர் நம்பரப் பார்த்துட்டு உள்ள நுழைஞ்சுட்டா? முன்னாடி அந்த இடத்துல இருந்த ஏதோ பழைய தாழ்ப்பாள், அதப் போட்டுக்கிட்டு நிம்மதியா உள்ள இருக்காரு. கொத்தனார் வந்து அதக் கழட்டிப் புதுசா மாட்டி, ‘காலி’ன்னு போர்டத் திருப்பி வெச்சுட்டுப் போயிடுறாரு. அடுத்த ஆளும் கதவத் திறந்து உள்ள வராரு. ரெண்டு பேரும் ஒரே ஃபைல்ல எழுதுறாங்க. மேல் பாதி ஒருத்தரோடது, கீழ்ப் பாதி குப்பை.

எப்பவும் நடக்காது. மெஷின் அணைஞ்சு எழும்பினதும்தான் நடக்கும். அப்பத்தான் எல்லா ரூமையும் புதுசாக் கட்டணும், எல்லாரும் ஒரே சமயத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்க. அதனால யாரு கடைசியா மெஷின அணைச்சாங்களோ அவங்க மேலதான் விழும்.

எழுதினவங்க யாருன்னு தெரியாது. பல வருஷம் முன்னாடி, எங்கேயோ, நல்லவங்களாத்தான் இருந்திருப்பாங்க. திருத்துறதுக்கு ஒண்ணுமே இல்ல. அந்த ஒரு வரிய எடுத்து நாலஞ்சு வரி மேல வெச்சேன். அவ்வளவுதான். சோதனைய ஒரு வாரம் ஓட விட்டேன், கரண்ட அணைச்சு அணைச்சுப் போட்டேன். ஒண்ணும் கெடல.

ஆபீஸ்ல எல்லாரும் கை தட்டினாங்க. கேக் வாங்கி வெட்டினாங்க. என் வாயில ஒருத்தி ஊட்டி விட்டா. பல்லு பிடுங்க ஊசி போட்டா வாய் மரத்துப் போகும் பாருங்க, அந்த மாதிரி இருந்துச்சு. இனிப்பா இருந்திருக்கும். சந்தோஷம் இல்ல, வருத்தமும் இல்ல. அப்போலேருந்து அப்படியே இருக்கு. டாக்டர்கிட்டக் காட்டுன்னு வீட்ல சொல்றாங்க. என்னன்னு காட்டுறது.

ரகோத்தமன் சார் தனியாக் கூப்பிட்டாரு. “அருமையான வேலை இசக்கி. இதப் பொதுவான பலப்படுத்தல்னு எழுதிருங்க. அந்த ஆஸ்பத்திரி விஷயத்தோட முடிச்சுப் போட வேணாம்”னாரு.

“சார், செல்வின்...”ன்னேன்.

“அவர் இதனாலதான் போனாருன்னு உங்களால நிரூபிக்க முடியுமா? அன்னைக்கு அங்க நடந்தது இதேதான்னு அடிச்சுச் சொல்ல முடியுமா?”

முடியாது. எப்படி முடியும், அந்த மெஷினத்தான் துடைச்சு மறுபடி ஏத்திட்டாங்களே. முடியாது சார்னேன். “நாம பொய் சொல்லல. தெரியாததச் சொல்லாம விடுறோம்”னாரு. யோசிச்சுப் பார்த்தா அதுல தப்பு சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. திருத்தக் குறிப்புல நான் எழுதினேன்: ஃபைல் மத்தவங்க கண்ணுக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே லாக் தயாராகிற மாதிரி வரிசை மாத்தப்பட்டது. அதுல ஒரு எழுத்துப் பொய் கிடையாது. நீங்களே பாருங்க.

அத வெளியில, அந்த உலகம் பூரா சேர்ந்து எழுதுறவங்களுக்கும் அனுப்பினேன். அந்தப் பகுதிய மேற்பார்வை பார்க்கிறவர் ஒருத்தர், வயசானவர், ஆளப் பார்த்ததில்ல. மறுநாளே பதில் போட்டாரு. திருத்தம் சரி, ஏத்துக்கிறேன்னு எழுதிட்டு, கீழ ஒரு கேள்வி கேட்டிருந்தாரு. இது நிஜத்துல யாருக்காவது நடந்ததா, இல்ல படிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சதான்னு.

அவர் ஏன் கேட்டாருன்னா, நடந்திருந்தா பழைய வெர்ஷன் எல்லாத்துலயும் உடனே திருத்தணும். ஆஸ்பத்திரி, ரயில்வே, அந்த மாதிரி இடத்துலயெல்லாம் பழசுதான் ஓடும். யாருக்கும் நடக்கலன்னா புதுசுல மட்டும் போட்டாப் போதும்.

படிச்சுப் பார்த்துக் கண்டுபிடிச்சதுன்னு எழுதினேன். படிச்சுத்தானே கண்டுபிடிச்சேன். சாப்பாட்டு மேசையில தாள வெச்சுக்கிட்டு, வரி வரியா. நன்றின்னு போட்டு, புதுசுல மட்டும் சேர்த்துக்கிட்டாரு.

செல்வினுக்குப் போன் பண்ணினேன், எடுக்கல. மெசேஜ் போட்டேன், பார்த்தான், பதில் இல்ல. எனக்கு அதுதான் தாங்கல. நான் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? அவனுக்காகத்தானே, சரி, அவனுக்காக மட்டும்னு இல்ல, ஆனா அவன் பக்கம் நியாயம் இருக்குன்னு கண்டுபிடிச்சது யாரு? நான்தானே. அதான் லீவு போட்டுட்டு நேராவே வந்துட்டேன்.

உடன்குடியில கடைகளுக்குக் கேமரா மாட்டுற வேலை பண்றான். நான் போனப்ப வீட்டு வாசல்ல ஒயர் சுருட்டிட்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, “வாங்கக்கா”ன்னான். அவன் சம்சாரம் மெர்ஸி தண்ணி கொண்டுவந்து குடுத்துச்சு.

உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். உங்களுக்குச் சொன்ன மாதிரி கழிப்பறைக் கதையெல்லாம் தேவைப்படல. பாதி சொல்லும்போதே, “அதான் ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம்”னான். ஆமான்னேன்.

“அப்போ நான் பண்ணலக்கா.”

“நீ பண்ணல செல்வின்.”

மெர்ஸி அடுப்படியிலேருந்து வந்து கதவு நிலையப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எனக்கு அப்போ ஏதாவது தோணும்னு எதிர்பார்த்தேன். அவ்வளவு தூரம் வந்ததே அதுக்குத்தான்னு நெனைக்கிறேன். ஒண்ணும் தோணல.

“தங்கபுஷ்பம் போயிட்டாங்க, தெரியுமாக்கா?”ன்னான். யாருன்னேன். “அந்தப் படம். அந்த அம்மா.” எனக்கு அதுவரைக்கும் பேரு தெரியாது. எங்க அறிக்கையில நோயாளின்னுதான் போட்டிருந்தோம். “ஆவணியில போயிட்டாங்க. அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ள போகல. எதிர்ல ஒரு கடையில நின்னுட்டு வந்துட்டேன்.”

“தள்ளிப்போனதுனாலயா?”ன்னு கேட்டேன்.

“தெரியாதுக்கா. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அவங்க வீட்டுக்காரரு நான்தான் காரணம்னு நெனச்சுட்டிருக்காரு.”

அப்புறம் ஒரு கேள்வி கேட்டான். தன் பேரு சரியாகுமா, வேலை திரும்பக் கிடைக்குமான்னு கேப்பான், அதுக்கு என்ன சொல்றதுன்னு பஸ்ல வரும்போதே யோசிச்சு வெச்சிருந்தேன். அவன் அதக் கேக்கல.

“அந்த மெஷின்ல மாத்தியாச்சா?”

இல்லன்னேன். அது இந்தத் திருத்தத்துக்கு முந்தின வெர்ஷன். எங்க அடுத்த வெளியீடு பங்குனி வாக்குல வருது, அதுல எல்லாருக்கும் போயிரும். அவசரமா இந்த ஒண்ண மட்டும் அனுப்பினா ஏன்னு கேப்பாங்க. அதையும் சொன்னேன்.

அவன் எழுந்திரிச்சுப் போய்க் கையக் கழுவிட்டு வந்தான். போன எடுத்து யாருக்கோ போட்டான். ஆஸ்பத்திரியில ஸ்கேன் பிரிவுல இருக்கிற ஒருத்தர், இவனுக்குப் பழக்கம். “அண்ணே, நான் செல்வின். ஒரு நிமிஷம், எங்க கம்பெனி அக்கா பேசுவாங்க”ன்னு சொல்லிட்டுப் போன என்கிட்ட நீட்டினான். “சொல்லுங்கக்கா.”

நான் எப்படிங்க சொல்றது? நான் லீவுல இருக்கேன். கம்பெனி சார்பா வாடிக்கையாளர்கிட்டப் பேசுறதுக்குன்னு தனியா ஆளுங்க இருக்காங்க. அது முறை இல்ல. கைய ஆட்டினேன், வேணாம்னு. போன் அப்படியே நீட்டின கையில இருக்கு, அந்தப் பக்கம் அவர் ஹலோ ஹலோங்கிறாரு.

செல்வினே காதுல வெச்சுக்கிட்டான். “அண்ணே, கரண்ட் போய் மெஷின் எழும்பினா, ஒரு அரை மணி நேரம் ஒரு ரூம்ல மட்டும் படத்தத் திறக்கச் சொல்லுங்க. எல்லாரும் ஒண்ணாத் திறந்தா கெட்டுப்போகும்”னான். பொறுமையாச் சொன்னான், ரெண்டுதடவ சொன்னான். அந்தப் பக்கம் என்ன கேட்டாங்கன்னு தெரியல. “இல்லண்ணே, கம்பெனி சொல்லல. நான்தான் சொல்றேன்”னான். கொஞ்ச நேரம் கேட்டுட்டிருந்தான். “சரிண்ணே, புரியுது. வெச்சுடுறேன்”னு வெச்சுட்டான்.

என்ன சொன்னாருன்னு கேட்டேன்.

“நீ சொல்லி நாங்க கேக்கிற மாதிரியா தம்பி இருக்கு, அப்படின்னாரு.”

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். கோபமெல்லாம் இல்ல. கோபம் இருந்தா அப்படிச் சிரிக்க மாட்டான்ல. மெர்ஸி சாப்பாடு போட்டுச்சு, மீன் குழம்பு. நல்லா இருக்குன்னு சொன்னேன். நல்லாத்தான் இருந்திருக்கும். அவன் சரியாச் சாப்பிடல. அப்புறம் வண்டியில கொண்டுவந்து ஸ்டாண்டுல விட்டான். “பார்த்துப் போங்கக்கா”ன்னு சொல்லிட்டு, நான் சீட்டுப் பிடிக்கிறதுக்குள்ள போயிட்டான். வேலை இருந்திருக்கும்.

அவன் எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லல பாருங்க. எதிர்பார்த்து வரல, இருந்தாலும் சொல்றேன். ஒரு மழைக்காலம் பூரா உக்காந்து தேடியிருக்கேன். மத்தவங்களா இருந்தா அவன்தான் பண்ணினான்னு விட்டுட்டுப் போயிருப்பாங்க.

எதுக்குங்க எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கிறீங்க?

இல்ல, அதச் சொல்லக் கூடாது. வேலையில சேரும்போதே கையெழுத்து வாங்கியிருக்காங்க. உங்களுக்குன்னு இல்ல, யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்க தங்கச்சி வீட்டுக்காரருக்கா? எந்த ஊர்ல வைத்தியம் பார்க்கிறாங்க? சரி, வேணாம், நீங்க சொல்லாதீங்க. நீங்க சொன்னா நான் ஆமாம் இல்லன்னு சொல்ற மாதிரி ஆயிரும். முகம் ஏன் இப்படி ஆயிருச்சு உங்களுக்கு. அப்படியெல்லாம் அடிக்கடி நடக்காதுங்க, ஆயிரத்துல ஒண்ணு. பங்குனியில சரியாயிரும்.

ஒண்ணு வேணும்னா செய்யுங்க. படம் எடுத்தாங்கன்னா, அன்னைக்கே ஒரு பிரதி கேட்டுக் கையில வாங்கி வீட்ல வெச்சுக்கச் சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் சரி. இத நான் சொல்லலாம். இது பொதுவாச் சொல்றதுதான்.